வீரா 1.5 எம்பிஐ: கார்புரேட்டருக்கு மாற்றினால் வயர் தொல்லை தீருமா?

செம்பனை95 | 3 ஜூன், இரவு 9.10

புரோட்டான் வீரா 1.5 எம்பிஐ (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சின்), மேனுவல் கியர். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வாசலில் நிற்கும் காடி. எலி வயரைக் கடித்துவிட்டது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கறுப்புப் புகை, மூன்று சிலிண்டரில் ஓடுவது மாதிரி ஆட்டம். பட்டறையில் "பழைய புரோட்டான் இஸ்வாராவின் கார்புரேட்டரைப் போட்டுவிடு, வயரே வேண்டாம், ரெண்டு நாள் வேலை" என்கிறார்கள். இன்டேக் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் ஹாஃப்கட் (பழைய காடிச் சாமான்) கடையில் கிடைக்கும். கழற்றி மாட்டினால் போதும்தானே அண்ணே?

சிப்புட் போமன் | 3 ஜூன், இரவு 10.05

போதாது. இன்ஜெக்ஷனைக் கழற்றும்போது வெளியே போவது நான்கு இன்ஜெக்டர் மட்டும் இல்லை தம்பி. இசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், அந்தக் காடியில் ஐந்து வேலை பார்க்கிறது. பெட்ரோலை அளந்து விடுகிறது. ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஐடிலைப் பிடித்து வைக்கிறது, ஏர்கான் போட்டதும் உயர்த்துகிறது. டாங்கியில் உள்ள பம்பை ஓட்டுகிறது, எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துகிறது. காடியைப் பொறுத்து ஏர்கான் ரிலேயும் ஃபேன் ரிலேயும் அதன் கையில் இருக்கும்.

கார்புரேட்டர் செய்வது முதல் வேலையை மட்டும். மற்ற நான்குக்கும் ஆள் தேட வேண்டும். ரெண்டு நாள் வேலை என்று சொல்பவர் அந்த நான்கையும் கணக்கில் வைத்தாரா என்று முதலில் கேள்.

ஸ்பார்க்தான் பெரிய இடம். எம்பிஐ டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே சென்சார் இருக்கும், ஸ்பார்க்கை முன்கூட்டி விழவைக்கும் (அட்வான்ஸ்) எடைக்கட்டையும் இருக்காது, வெளியே வேக்கம் டயஃப்ரமும் இருக்காது. டைமிங்கை இசியு பார்த்துக்கொள்ளும் என்று செய்த சாமான் அது. இசியு போனால் ஸ்பார்க்கே வராது. அதனால் கார்புரேட்டர் எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குப் பொருந்தும் இக்னிஷன் காயில், இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

சிப்புட் போமன் | 3 ஜூன், இரவு 10.25

இன்னொன்று. "வயரே வேண்டாம்" என்பது தவறு. இஸ்வாராவின் மிக்குனி கார்புரேட்டரின் பக்கத்தில் ஒற்றை வயரோடு ஒரு சோலனாய்ட் நிற்கும். சாவி போட்டதும் அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். போகாவிட்டால் ஐடில் துவாரத்துக்குப் பெட்ரோல் வராது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் அணையும். மாற்றிய காடிகளில் "ஐடில் நிற்கவில்லை" என்று கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவுவது பெரும்பாலும் இந்த ஒரு வயரை மாட்டாததால்தான்.

செம்பனை95 | 4 ஜூன், காலை 7.30

அப்படியானால் வயரிங்கையே சரி செய்ய முடியுமா? எங்கே கடித்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஸ்கேனர் கிடையாது.

சிப்புட் போமன் | 4 ஜூன், மதியம் 1.15

டேஷ்போர்டுக்கு அடியில் சோதனைப் பிளக் இருக்கும். 12 துளைப் பிளக் என்றால் ஸ்கேனர் தேவையில்லை, முள் ஆடும் வோல்ட் மீட்டர் போதும். பாசிட்டிவை 1ஆம் துளையில், நெகட்டிவை 12ஆம் துளையில் வை. சாவியை ஆனில் போடு, எஞ்சினை எழுப்பாதே. முள் நீளமாக அடித்தால் பத்து, குட்டையாக அடித்தால் ஒன்று. நீளம் நான்கு, குட்டை ஒன்று என்றால் 41.

12 காற்று அளவு சென்சார், 14 த்ராட்டில் சென்சார், 21 தண்ணீர்ச் சூடு, 22 கிராங்க் ஆங்கிள், 23 டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) சென்சார், 41 இன்ஜெக்டர். மிட்சுபிஷி அந்தக் காலத்தில் பெரும்பாலான காடிக்கும் வைத்த எண்கள் இவை. எழுதி வைத்துக்கொண்டு படி.

16 துளைப் பிளக் என்றால் இதைச் செய்யாதே. மிட்சுபிஷியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் உள்ள கடைக்குப் போ.

புந்தோங் வயரிங் | 4 ஜூன், மாலை 6.40

அண்ணே சொன்னதில் ஒரு திருத்தம். எண் வராவிட்டால் வயர் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. எலி கடித்த காடியில் இது முக்கியம்.

தண்ணீர்ச் சூட்டு சென்சாரின் வயர் முழுசாக அறுந்தால் இசியுவுக்குத் தெரிந்துவிடும். 21 எண்ணைப் பதிந்துகொண்டு, தண்ணீர் 80 டிகிரி என்று வைத்துக்கொண்டு ஓட்டும். காடி ஓரளவு ஒழுங்காகவே ஓடும். பாதி கடிபட்டு, மழைத் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துப்போன வயர்தான் மோசம். அது தன் பங்குக்கு ரெசிஸ்டன்ஸைக் கூட்டும். சென்சார் 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் காட்ட வேண்டும், 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம். வயரின் பச்சை நான்கு கிலோ ஓமைச் சேர்த்துவிட்டால், சூடான எஞ்சினை ஐஸ் பெட்டிக்குள் நிற்கும் எஞ்சின் என்று இசியு நினைக்கும். பெட்ரோலை அள்ளி ஊற்றும். கறுப்புப் புகை வரும், எண் மட்டும் வராது.

அதனால் சென்சார் பக்கம் ஒருமுறை அள, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியு பிளக்கையும் உருவி, வயர் வழியாக மறுமுறை அள. இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் வயரின் குற்றம்.

சிப்புட் போமன் | 4 ஜூன், இரவு 8.00

சரியான திருத்தம். கறுப்புப் புகை என்று தம்பி முதலிலேயே எழுதியிருந்தார், நான் அதை விட்டுவிட்டு எண்ணுக்குத் தாவிவிட்டேன்.

மூன்று சிலிண்டர் ஆட்டத்துக்கு இன்ஜெக்டரைப் பார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வை. நான்கும் ஒரே மாதிரி டிக்டிக் என்று அடிக்க வேண்டும். அடிக்காத ஒன்றின் பிளக்கைக் கழற்றி ஓம் பார். 13 முதல் 16 ஓம் வந்தால் இன்ஜெக்டர் நல்லது, வயர்தான் போயிருக்கிறது. த்ராட்டில் சென்சார் மூடியிருக்கும்போது 0.3 முதல் 1 வோல்ட், முழுசாகத் திறந்தால் 4.5க்கு மேல். நடுவில் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும்.

கம்போங் லோரி | 5 ஜூன், இரவு 9.30

நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது வேறு கதை. அதே வீரா 1.5 எம்பிஐதான், ஆனால் இசியுவும் இல்லை, வயரிங்கும் இல்லை, யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். ரோட்டில் ஓட்டப்போவதில்லை. தோட்டத்துக்குள் உரமும் சாமானும் ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் போக வேண்டும், அவ்வளவுதான். இதற்கும் வேண்டாம் என்பீர்களா?

சிப்புட் போமன் | 5 ஜூன், இரவு 10.45

இதற்குச் செய்யலாம். முதல் நாள் எழுதியதைப் படித்தால் கார்புரேட்டரே கூடாது என்ற தொனி வந்திருக்கிறது, அது நியாயமில்லை. இசியுவும் வயரிங்கும் முழுசாக இல்லை, ரோட்டு வேலையும் இல்லை என்றால் கார்புரேட்டர் நல்ல வழி. தோட்டத்துக்குள் நின்றுவிட்டால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு எழுப்பிவிடலாம். அரைகுறையாகச் செய்வதுதான் கூடாது. ஒரே இஸ்வாரா 1.5 பன்னிரண்டு வால்வ் காடியிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடு: இன்டேக் மேனிஃபோல்ட், கார்புரேட்டர், அடியில் உள்ள தடித்த கறுப்பு இன்சுலேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஆக்ஸிலரேட்டர் கேபிளும் அதன் பிராக்கெட்டும், வேக்கம் ஓஸ்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே மாட்டியபடி. ஓஸ்களைப் படம் பிடித்துக்கொண்டு பிறகு கழற்று. 1.3ன் கார்புரேட்டர் 1.5க்கு மாட்டும், ஆனால் ஜெட் சின்னது, மேடு ஏறும்போது லீனாகி (கலவையில் பெட்ரோல் குறைந்து) சூடேறும்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

சிப்புட் போமன் | 6 ஜூன், இரவு 9.20

மேனிஃபோல்ட்.

வாங்கும் முன் கார்புரேட்டர் மேனிஃபோல்டின் புதுக் கேஸ்கெட்டை எம்பிஐ சிலிண்டர் தலையில் வைத்துப் பார். போர்ட், போல்ட் துளை, தண்ணீர் வழி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எம்பிஐ தலையில் இன்ஜெக்டர் பீச்சுவதற்காகப் போர்ட்டின் மேல் விளிம்பில் குடைந்திருந்தால், கேஸ்கெட் அந்தக் குடைவைத் தாண்டி உலோகத்தில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உட்காராவிட்டால் அங்கே காற்று உறிஞ்சும், அந்த எஞ்சினை எந்த ஜெட்டாலும் ட்யூன் செய்ய முடியாது. அப்போது தலையையும் இஸ்வாராவிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. தலையோடு கேம்ஷாஃப்டும் வரும், அதில் பெட்ரோல் பம்பை அடிக்கும் முட்டையும் (முட்டை வடிவ மேடு) இருக்கும்.

மாட்டிய பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, கேஸ்கெட் ஓரமாக கார்ப் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளி. ஆர்பிஎம் மாறினால் அங்கே ஓட்டை. எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது செய்யாதே, தீப்பிடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எழுப்பி உடனே பார்த்துவிடு.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரிய வேக்கம் ஓஸை மேனிஃபோல்டில்தான் மாட்ட வேண்டும், நடுவில் உள்ள ஒருவழி வால்வை விட்டுவிடாதே. அம்பு மேனிஃபோல்ட் பக்கம் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குள் மட்டும்தானே என்று பிரேக்கில் விளையாடக் கூடாது.

சிப்புட் போமன் | 6 ஜூன், இரவு 10.10

பெட்ரோல். தீ வருவது இங்கேதான், மெதுவாகப் படி.

எம்பிஐ டாங்கி பம்ப் ரெயிலுக்குக் கொடுப்பது, ரெகுலேட்டரின் வேக்கம் ஓஸைக் கழற்றிப் பார்த்தால், ஏறக்குறைய 330 கிலோபாஸ்கல், அதாவது 3.3 பார். கார்புரேட்டருக்கு வேண்டியது 0.2 முதல் 0.3 பார். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த அழுத்தம் நேராகப் போனால் மிதவை ஊசியைத் தள்ளித் திறந்துவிடும், பெட்ரோல் வென்ச்சூரி (கார்புரேட்டரின் தொண்டை) வழியாக மேனிஃபோல்டுக்குள் இறங்கும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி கீழே இறங்கி மிஞாக் ஹீத்தாமோடு (எஞ்சின் எண்ணெய்) கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும், அளவும் கூடியிருக்கும். அப்படி இருந்தால் எஞ்சினை எழுப்பாதே, எண்ணெயை மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொடு.

பழைய பம்பை வைத்துக்கொண்டு ரெகுலேட்டர் போட்டுக் குறைத்துவிடலாம்.

புந்தோங் வயரிங் | 6 ஜூன், இரவு 10.50

அண்ணே, அந்தக் கடைசி வரி ஆபத்து. கடையில் விற்கும் சின்ன வட்ட ரெகுலேட்டர் திரும்பு குழாய் இல்லாதது, குறைந்த அழுத்தப் பம்புக்கு மட்டும் செய்தது. 3 பார் பம்பை அதில் மாட்டினால் உள்ளே டயஃப்ரம் தாங்காது. தாங்கினாலும் பம்ப் அடைத்த குழாயை முட்டிக்கொண்டு ஓடும், சூடேறும். திரும்பு குழாயோடு வரும், 0.2 பாரில் நிறுத்தக்கூடிய ரெகுலேட்டர் வேண்டும், மிச்சப் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சிப்புட் போமன் | 7 ஜூன், காலை 6.50

ஒத்துக்கொள்கிறேன், நேற்றைய கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். அதைவிட நேர் வழி இது: டாங்கியிலிருந்து பழைய பம்பை எடுத்துவிடு. அதே பிராக்கெட்டில் பம்ப் இருந்த இடத்தில் வெறும் குழாயும் அடியில் வலையும் மாட்டு. நின்றுபோன பம்பை உள்ளேயே விட்டால் அதன் வழியாகப் பெட்ரோலை உறிஞ்ச முடியாது, மேட்டில் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

தலையில் பம்புக்கு முகமும் கேமில் முட்டையும் இருந்தால் இஸ்வாராவின் மெக்கானிக்கல் பம்பே போதும், அழுத்தம் தானாகச் சரியாக இருக்கும், வயரும் வேண்டாம். இல்லாவிட்டால் 0.2 முதல் 0.3 பார் கொடுக்கும் எலெக்ட்ரிக் பம்பை டாங்கி பக்கத்தில், டாங்கியின் அடிமட்டத்துக்குச் சமமாக மாட்டு. இந்தப் பம்புகள் தள்ளும், இழுக்காது. எஞ்சின் அறையில் மாட்டி, "பம்ப் சரியில்லை" என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

எம்பிஐ காடியில் ஏற்கெனவே இரண்டு குழாய் இருக்கிறது, போவதும் வருவதும். இஸ்வாரா பம்பிலும் திரும்பு முனை உண்டு. அதை அடைக்காமல் பயன்படுத்து. பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருந்தால் குழாய்க்குள் ஆவி கட்டாது.

புந்தோங் வயரிங் | 7 ஜூன், இரவு 8.15

எலெக்ட்ரிக் பம்பை நேராகச் சாவி வயரில் மாட்டாதீர்கள். காடி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் சாவி ஆனில் இருந்தால் பம்ப் கொட்டிக்கொண்டே இருக்கும். முன்பு இசியு கிராங்க் சிக்னல் நின்றதும் பம்பை நிறுத்தியது. அந்த வேலைக்கு இப்போது காயில் நெகட்டிவைப் பார்த்து ஓடும் பம்ப் ரிலே ஒன்று வை. ஸ்பார்க் நின்றால் பம்பும் நிற்கும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவும் செய்யலாம், ஆனால் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு ஸ்டார்ட்டர் வயரிலிருந்து தனி வழி கொடுக்க வேண்டும், சிக்கல் கூடும். ஃபியூஸ் 10 ஆம்பியர் போதும், பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

டாக்கோ மீட்டர் இருந்தால் அதற்கும் காயில் நெகட்டிவ்தான்.

செம்பனை95 | 7 ஜூன், இரவு 9.40

என் காடிக்குப் போகிறேன். 12 துளைப் பிளக்தான். முள் 41 காட்டியது. மூன்றாவது இன்ஜெக்டர் சத்தமே இல்லை, ஓம் பார்த்தால் 14. தண்ணீர் சென்சார் சூட்டில் நேராக 0.3, இசியு பிளக்கில் 4.6. வயரிங் அண்ணே எழுதியது அப்படியே இருக்கிறது.

புந்தோங் வயரிங் | 7 ஜூன், இரவு 9.55

இரண்டு வயரும் ஒரே கட்டில்தான் ஓடும், மேனிஃபோல்டுக்குப் பின்னால் தேடு தம்பி. கறுப்பு டேப்பை நீளமாகப் பிரி. பச்சை நிற்கும் இடத்தோடு வெட்டாதே, பளபளப்பான செம்பு தெரியும் வரை இரண்டு பக்கமும் போ. அதே தடிமன் வயர், சால்டர், மேலே சூட்டில் சுருங்கும் டியூப். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், இங்கே அடிக்கும் மழைக்கு ஆறு மாதத்தில் திரும்பப் பச்சை பூக்கும். ஒட்டுக்களை ஒரே இடத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வை, கட்டு தடிக்காது.

கிராங்க் சென்சார் வயரில் வெள்ளி வலை சுற்றியிருந்தால் அதைத் தொடாதே. அந்த வலை ஒரு பக்கம் மட்டும்தான் எர்த்.

சிப்புட் போமன் | 8 ஜூன், இரவு 8.30

லோரித் தம்பிக்கு: டிஸ்ட்ரிபியூட்டர்.

முதல் சிலிண்டர் டிடிசியில் நிற்க வேண்டும், அதுவும் கம்ப்ரெஷன் முடிவில். பிளக்கைக் கழற்றி விரலை வைத்துச் சுற்றினால் காற்று தள்ளும், அப்போது கிராங்க் புல்லியில் உள்ள குறியைப் பார். உள்ளே போடும் முன் எம்பிஐ டிஸ்ட்ரிபியூட்டரின் முனையும் இஸ்வாராவின் முனையும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடு. ஃபயரிங் வரிசை 1-3-4-2.

மாட்டும் முன் வேக்கம் டயஃப்ரமை வாயால் உறிஞ்சிப் பார். தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது ஒரே நேரத்தில் காற்று ஓட்டையும் ஆகிறது, லேசாக மிதித்து ஓட்டும்போது அட்வான்ஸ் இல்லாமல் பெட்ரோலையும் தின்கிறது. ரோட்டரைக் கையால் திருப்பி விட்டால் சுருளோடு தானாகத் திரும்ப வேண்டும். துரு பிடித்து நின்றுவிட்டால் எடைக்கட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்.

டைமிங் லைட்: வேக்கம் ஓஸைக் கழற்றி அடை, ஐடிலில் டிடிசிக்கு முன் 5 டிகிரி (பிடிசி). பிறகு மெதுவாக 3000க்கு ஏற்று. குறி நன்றாக முன்னே ஓட வேண்டும், நகராவிட்டால் மேலே சொன்ன எடைக்கட்டைதான். ஓஸைத் திரும்ப மாட்டும்போது கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டுக்குக் கொஞ்சம் மேலே உள்ள துவாரத்தில் மாட்டு. கீழே உள்ளதில் மாட்டினால் ஐடிலிலேயே அட்வான்ஸ் ஏறி, ஆர்பிஎம் உயர்ந்து, ஐடில் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இறங்காது.

சிப்புட் போமன் | 8 ஜூன், இரவு 9.15

கார்புரேட்டரை அப்படியே மாட்டாதே. பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததாக இருக்கும்.

முதலில் த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டு. மேலும் கீழும் ஆடினால் அந்தக் கார்புரேட்டரை வாங்காதே, ஷாஃப்ட் ஓரமாகக் காற்று போகும், அதற்கு ரிப்பேர் கிட் உதவாது. ஆடாவிட்டால் கிட் வாங்கி டயஃப்ரம், ஊசி, கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்று. ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் கிழிந்திருந்தால் மிதித்ததும் ஒரு கணம் விக்கும். பவர் வால்வ் டயஃப்ரம் கிழிந்திருந்தால் எப்போதும் கறுப்புப் புகை. ஜெட்டில் கம்பி விடாதே, ஒரு கீறல் போதும், அளவு மாறிவிடும். கிளீனரும் காற்றும் மட்டும்.

சோக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நம் ஊரில் விடியற்காலையும் 22, 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆட்டோ சோக் கெட்டுப் பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொள்வதுதான் இங்கே தொல்லை. சூடான பிறகு தட்டு நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்.

ட்யூனிங்: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஃபேனும் ஏர்கானும் ஓடாத நேரத்தில். கலவை ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை திருப்பி, இரண்டரைச் சுற்று வெளியே எடு. ஐடிலை 800ல் வை. ஸ்க்ரூவை அங்குமிங்கும் திருப்பி ஆர்பிஎம் அதிகம் வரும் இடத்தைக் கண்டுபிடி. அங்கிருந்து 20, 30 ஆர்பிஎம் குறையும் வரை உள்ளே. வேக்கம் கேஜ் 17 முதல் 20 அங்குலத்தில் நடுங்காமல் நிற்க வேண்டும்.

எம்பிஐ எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் துளை இருந்தால் அடைக்காதே. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரை இரவல் வாங்கி அதில் மாட்டினால் பிளக் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. சீராக ஓடும்போது 14க்கும் 15க்கும் நடுவில், முழுசாக மிதிக்கும்போது 12.5 முதல் 13. மிதிக்கும்போது 14 காட்டினால் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டு. ஐடிலில் மட்டும் தப்பு என்றால் மெயின் ஜெட்டைத் தொடாதே, அது வேறு வழி.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) இருக்கும் காடியில் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓட்டினால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளே உள்ள கல் உருகி அடைக்கும். பிறகு எஞ்சின் ஏறவே ஏறாது, கார்புரேட்டரைக் குற்றம் சொல்வார்கள்.

கம்போங் லோரி | 9 ஜூன், மாலை 5.50

ஏர்கான் வேண்டாம். ஆனால் ஃபேன்? வயரே இல்லாத காடி.

புந்தோங் வயரிங் | 9 ஜூன், இரவு 7.30

ரேடியேட்டரில் சூட்டு ஸ்விட்ச் திருகும் இடம் இருக்கிறதா பார். இருந்தால் பேட்டரி, 30 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, ஃபேன். ரிலேயின் எர்த் பக்கத்தை அந்த ஸ்விட்ச் போட்டு அணைக்கட்டும். இருட்டான வழியில் ஸ்விட்ச் கெட்டால் உதவ, டேஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றையும் இணையாக வை. சூடு முள் மீட்டருக்கு வேறு சென்சார், ஒற்றை வயர் உள்ளது. இசியு சென்சாரை மீட்டரில் மாட்டினால் தப்பாகக் காட்டும்.

ஏர்கான் வைத்திருப்பவர்களுக்கு: இஸ்வாரா கார்புரேட்டரில் த்ராட்டிலைத் தள்ளும் சின்ன டயஃப்ரம் உண்டு. ஏர்கான் கிளட்ச் வயரிலிருந்து ஒரு வேக்கம் சோலனாய்டுக்குக் கரண்ட் கொடுத்து, அதன் வழியாக மேனிஃபோல்ட் வேக்கத்தை அந்த டயஃப்ரமுக்கு விடு. ஏர்கான் ஓடும்போது 900, 950 நிற்கும்படி அதன் ஸ்க்ரூவை வை. இது இல்லாமல் ஐடிலையே 1000க்கு ஏற்றி வைப்பது பெட்ரோல் விரயம்.

பேராக்95 | 9 ஜூன், இரவு 10.20

ரோட்டில் ஓட்டும் காடிக்கும் இதையே செய்து, அதோடு கேமரன் மலைக்குப் போனால் என்ன ஆகும்? ஆட்டோ கியருக்குச் செய்யலாமா? இரட்டை வெபர் 40 கார்புரேட்டர் போட்டால்?

சிப்புட் போமன் | 10 ஜூன், இரவு 9.00

மூன்று கேள்வி.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 13 சதவீதம் குறைவு. எம்பிஐ அதை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், அதனால் 7 சதவீதம் ரிச் ஆகும். கீழே 13.5 விகிதத்தில் வைத்த காடி மேலே 12.6ல் ஓடும். கொஞ்சம் மந்தம், கொஞ்சம் புகை, ஆபத்து இல்லை. மேலே ட்யூன் செய்துவிட்டுக் கீழே இறங்குவதுதான் ஆபத்து, லீனாகிவிடும்.

ஆட்டோ கியர் மின்கட்டுப்பாடு உள்ளது என்றால் செய்யாதே. கியர் கம்ப்யூட்டர் த்ராட்டில் சென்சாரைப் பார்த்துத்தான் கியர் மாற்றுகிறது. கேபிளோடு வரும் ஆட்டோ என்றால் அந்தக் கேபிளைக் கார்புரேட்டரில் மாட்டிச் சரியாக அளக்க வேண்டும், தளர்ந்திருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும்.

வெபர் 40 டிசிஓஇ இரண்டு போட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தொண்டை. 1.5க்கு 30 மில்லிமீட்டர் சோக் (இங்கே தொண்டையின் குறுகிய வளையம்), அதை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட் 120, காற்று ஜெட் அதற்கு மேல் 50 கூட்டி 170, இதிலிருந்து தொடங்கலாம். அழுத்தம் 0.2 பார், அதற்கு மேல் வேண்டாம். நான்கு தொண்டையையும் காற்று மீட்டர் வைத்துச் சமப்படுத்த வேண்டும். பிரேக் பூஸ்டருக்கு ஒரு தொண்டையிலிருந்து மட்டும் வேக்கம் எடுத்தால் போதாது, நான்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். தினம் வேலைக்கு ஓட்டும் காடிக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரோட்டுக் காடி என்றால் இன்னொன்றும் உண்டு. எஞ்சின் நம்பர் மாறாவிட்டாலும் இது மாற்றியமைத்தல்தான். ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்து இலாகா) இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடு. 1996ஆம் ஆண்டின் பெட்ரோல் எஞ்சின் புகை விதிகள் கார்புரேட்டர் மாட்டிய காடிக்கும் பொருந்தும்.

சிப்புட் போமன் | 12 ஜூன், இரவு 8.40

ஒன்று விட்டுப்போயிற்று. மதியம் ஓட்டி நிறுத்திய அரை மணியில் எஞ்சின் எழும்பாவிட்டால், மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் இறங்கியிருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப அடிக்காதே. ஒரேயடியாக அடிவரை மிதித்துப் பிடித்து ஸ்டார்ட் செய், காற்று போய்ச் சுத்தமாகும். தினமும் நடந்தால் இன்சுலேட்டரைப் பார், மெல்லிய காகிதக் கேஸ்கெட்டைப் போட்டிருப்பார்கள்.

செம்பனை95 | 14 ஜூன், இரவு 9.05

பதினொரு வயர் ஒட்டினேன். தண்ணீர் சென்சார் இரண்டு பக்கமும் 0.3. நான்கு இன்ஜெக்டரும் அடிக்கின்றன. புகை நின்றுவிட்டது. ஆனால் ஐடில் 1100ல் நிற்கிறது, 41ம் இன்னும் காட்டுகிறது.

புந்தோங் வயரிங் | 14 ஜூன், இரவு 9.20

41 பழைய பதிவு. பேட்டரி நெகட்டிவைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வை, பிறகு மாட்டி எழுப்பு. எதையும் மிதிக்காமல், ஏர்கானும் லைட்டும் போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் விடு, இசியு தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கும் இறங்காவிட்டால் மேனிஃபோல்டுக்குப் பின்னால் வயர் தேடும்போது ஏதாவது வேக்கம் ஓஸ் கழன்றதா என்று பார்.

செம்பனை95 | 14 ஜூன், இரவு 10.10

ஓஸ்தான். பிரஷர் ரெகுலேட்டருக்குப் போவது. மாட்டி, பேட்டரியையும் கழற்றி மாட்டியாகிவிட்டது. 750.

சிப்புட் போமன் | 14 ஜூன், இரவு 10.15

அந்த ஓஸின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது ரப்பரில் மாட்டு, விரிந்த நுனி திரும்பக் கழலும். அதோடு பானெட்டுக்குள் வயர்க் கட்டின் மேல் பிளாஸ்டிக் குழாயை முழு நீளத்துக்கும் ஓட்டு. எலி அதே வாசலில்தான் இருக்கிறது.